ஆறு திங்கள் வெற்றியும் அரைநாள் வீழ்ச்சியும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கட் கூட்டம் முடிந்து கலைந்துபோகும் வேளையில் மாணவர் ஒருவர் என்னை நிறுத்தி, ஒரு வினாவைக் கேட்டார். “ஐயா, இரண்டாம் உலகப் பெரும்போரில் சப்பான் ஆறே திங்களில் கீழையுலகில் பாதியைப் பிடித்தது. ஏழாம் திங்கள் பிறந்ததும் தோற்கத் தொடங்கிவிட்டது. அந்த ஆறு திங்களில் வென்ற அறிவு ஏழாம் திங்களில் எங்கே போயிற்று?” என்பது அவர் வினா. நின்ற நிலையில் விடை சொல்லக்கூடிய வினாவன்று அது. அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று அன்று தப்பித்துக்கொண்டேன். இன்று தப்ப வழியில்லை. அவர் முதல் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்.

கடற்போர் என்றவுடன் நம்மவர் உள்ளம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பிற்குத் தாவும். அதைப் பற்றிப் பேசுதற்கு இன்று நான் வரவில்லை. ஆனால், அதே கடாரக் கரையும் அதே வங்கக் கடலும் நான் சொல்லப்போகும் செய்தியிலும் வரும். அக்கரையில் வாழ்ந்த நம் மக்களும் வருவர்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இம்மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, 1941 திசம்பரிலிருந்து 1942 சூன் வரை அமைதிப் பெருங்கடலில் நடந்தவற்றை அளந்து பார்ப்போம். பெயரளவில்தான் அது அமைதிப் பெருங்கடல்!

போருக்குக் கரணியம் என்ன?

சப்பான் சிறிய தீவு நாடு. இரும்பு குறைவு, இரப்பர் இல்லை, கன்னெய் எனப்படும் பெட்ரோலிய எண்ணெயோ மிகமிகக் குறைவு. கப்பலும் வானூர்தியும் கன்னெய் இன்றி அசையா. அந்தக் கன்னெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அந்நாடு அமெரிக்காவிடமிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. 1937 முதல் சீன மண்ணில் பெரும்போர் நடத்திவந்த சப்பான், 1941 சூலையில் இந்தோசீனாவின் தென்பகுதிக்குள்ளும் நுழைந்தது. உடனே அமெரிக்கா சப்பானின் பணத்தை முடக்கியது. கன்னெய் வருவது நின்றது. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் அமெரிக்காவோடு சேர்ந்துகொண்டனர்.

சப்பானியத் தலைவர்கள்முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சீனாவிலிருந்து பின்வாங்குவது. மற்றொன்று, ஒல்லாந்தர் ஆண்ட சுமத்திரா, போர்னியோ, சாவகம் ஆகிய தீவுகளின் கன்னெய்க் கிணறுகளை வலிந்து பறிப்பது. அவர்கள் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தனர். பிறன் வீட்டில் புகுந்தவன் வெளியேற மனமின்றி அடுத்த வீட்டையும் கொள்ளையிட முனைந்த கதை இது. அந்த அடுத்த வீடும் உரியவன் கையில் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அங்கே ஒல்லாந்தன் ஆண்டான். மலேயாவில் ஆங்கிலேயன் ஆண்டான். பிலிப்பைன்சில் அமெரிக்கன் ஆண்டான். ஆண்டவர்களுக்கும் ஆள வந்தவர்களுக்கும் நடந்த போர் இது. அம்மண்ணின் மக்களை இருவருமே கேட்கவில்லை.

சப்பானியக் கூட்டுக் கடற்படையின் தலைவர் யமமோட்டோ. அவர் அமெரிக்காவில் பயின்றவர். அந்நாட்டுத் தலைநகரில் தம் நாட்டுக் கடற்படைச் சார்பாளராகவும் இருந்தவர். அந்நாட்டின் தொழிற்சாலைகளையும் கன்னெய் வயல்களையும் தம் கண்ணாலேயே கண்டவர். போர் மூண்டால் முதல் ஆறு திங்களோ ஓராண்டோ கட்டற்று வென்று காட்டலாம், அதற்குப் பின் தமக்கு நம்பிக்கையில்லை என்று அவர் தலைமையமைச்சர் கொனோயிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னவரே போரின் முதல் அடியையும் வகுத்துக் கொடுத்தார். அறிவு வேறு, அறிவின்படி நிற்கும் உறுதி வேறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

முத்துத் துறைமுகம்

அதுவரை உலகக் கடற்படைகளெல்லாம் ஒரு நம்பிக்கையில் வளர்ந்தவை. பருத்த எஃகுக் கவசமும் நீண்ட பீரங்கிகளும் கொண்ட பெரும்போர்க்கப்பல்களே கடலின் அரசர்கள் என்பது அந்நம்பிக்கை. 1922இல் வாசிங்டனில் செய்த உடன்படிக்கை அமெரிக்காவுக்கு ஐந்து, இங்கிலாந்துக்கு ஐந்து, சப்பானுக்கு மூன்று என்னும் விழுக்காட்டில் பெருங்கப்பல்களைப் பங்கிட்டது. அந்த மூன்று என்னும் எண் சப்பானியர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. எண்ணிக்கையில் குறைந்தவன் புதுவழி தேடுவான். சப்பான் தேடிய புதுவழி வானூர்தித் தாங்கிக் கப்பல்.

பெரும்போர்க்கப்பலின் பீரங்கி இருபது கல் தொலைவுதான் எட்டும். தாங்கிக் கப்பலிலிருந்து எழும் வானூர்தியோ இருநூறு கல் சென்று அடித்துவிட்டுத் திரும்பும். 1940 நவம்பரில் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில் ஆங்கிலேயர் இருபத்தொரு பழைய வானூர்திகளைக் கொண்டே மூன்று பெரும்போர்க்கப்பல்களை ஓரிரவில் முடக்கினர். உலகம் அதைப் படித்துவிட்டு மறந்தது. சப்பான் அதைப் படித்துவிட்டுப் பயிற்சியில் இறங்கியது. டார்பிடோ என்று மேலையர் சொல்லும் நீரடிக்கணை, வானூர்தியிலிருந்து விழுந்தால் முதலில் ஆழமாக மூழ்கிப் பிறகே மேலெழுந்து ஓடும். முத்துத் துறைமுகத்தின் ஆழமோ நாற்பது அடிதான். சேற்றில் குத்திவிடாமலிருக்க, கணையின் வாலில் மரத் துடுப்புகளைப் பொருத்தினர். இத்தனை சிறிய செய்தியில்தான் அத்தனை பெரிய வெற்றி அடங்கியிருந்தது.

1941 நவம்பர் 26ஆம் நாள் குரில் தீவுகளின் பனிமூடிய குடாவிலிருந்து நகுமோ என்னும் படைத்தலைவரின்கீழ் ஆறு தாங்கிக் கப்பல்கள் புறப்பட்டன. அகாகி, காகா, சோரியூ, இரியூ, சோக்காக்கு, சூயிகாக்கு என்பன அவற்றின் பெயர்கள். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும். ஆறையும் ஒரே கைமுட்டியாகச் சேர்த்ததுதான் புதுமை. வாணிகக் கப்பல்கள் செல்லாத வடகடல் வழியாக, வானொலியில் ஓர் ஒலியும் எழுப்பாமல், பன்னிரண்டு நாள் சென்றன. திசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவாய்த் தீவின் முத்துத் துறைமுகத்தின்மேல் ஏறத்தாழ முந்நூற்றைம்பது வானூர்திகள் இரண்டு அலைகளாகப் பாய்ந்தன. அமெரிக்கரின் எட்டுப் பெரும்போர்க்கப்பல்களில் நான்கு மூழ்கின, மற்றவையும் அடிபட்டன. இறந்தோர் 2,403 பேர். சப்பான் இழந்தவை 29 வானூர்திகள்.

இராடார்க் கருவியில் அமர்ந்திருந்த இரண்டு இளம் படைஞர்கள் பெரிய வானூர்திக் கூட்டம் வருவதை முன்கூட்டியே கண்டு சொன்னார்கள். அவை நம் ஊர்திகளாக இருக்கும், கவலை வேண்டா என்று விடை வந்தது. கருவி பார்த்தது, மூளை பார்க்க மறுத்தது.

இனி, அன்று எவை தப்பின என்று பார்ப்போம். அமெரிக்கத் தாங்கிக் கப்பல்களில் ஒன்றுகூட அன்று துறைமுகத்தில் இல்லை. கன்னெய்க் கொட்டில்கள் தப்பின. கப்பல் செப்பனிடும் துறைகள் தப்பின. நீர்மூழ்கிகளின் தளம் தப்பியது. மூன்றாம் அலையை ஏவாமல் நகுமோ திரும்பிவிட்டார். கன்னெய்க் கொட்டில்கள் அன்று எரிந்திருந்தால் போர் இன்னும் ஈராண்டு நீண்டிருக்கும் என்று அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்சு பின்னாளில் கூறினார். கன்னெய்க்காகவே போரைத் தொடங்கியவன் பகைவனின் கன்னெயைத் தொடாமல் விட்டுவந்தான்! சப்பானியர் கப்பல்களைக் கண்டார்கள். கப்பலை ஓட்டும் உயிரைக் காணவில்லை.

குவாந்தான் கடலில்

அவாயில் குண்டு விழுவதற்குச் சற்று முன்னரே மலேயாவின் கோத்தபாருக் கரையில் சப்பானியப் படை இறங்கிவிட்டது. அதே நாளில் பிலிப்பைன்சின் கிளார்க்கு வானூர்தித் தளத்தில், முத்துத் துறைமுகச் செய்தி வந்து பல மணி நேரம் கழிந்த பின்னும் அமெரிக்க ஊர்திகள் தரையில் வரிசையாக நின்றன. தைவானிலிருந்து ஐந்நூறு கல் கடந்துவந்த சப்பானிய ஊர்திகள் அவற்றைத் தரையிலேயே பொசுக்கின. ‘சீரோ’ என்னும் சப்பானியச் சண்டையூர்தி அத்தனை தொலைவு பறக்கும் என்று அமெரிக்கர் நம்பியிருக்கவில்லை. பகைவன் வலியை அறியாமை ஒரு குற்றம். அவனால் இயலாது என்று இகழ்ந்திருத்தல் அதனினும் பெருங்குற்றம்.

ஆங்கிலேயர் செய்தி இன்னும் கசப்பானது. ‘பிரின்சு ஆப் வேல்சு’ என்னும் புதிய பெரும்போர்க்கப்பலையும் ‘ரிபல்சு’ என்னும் பழைய பெருங்கப்பலையும் சர்ச்சில் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தார். அவற்றைக் கண்டே சப்பான் அஞ்சும் என்பது அவர் எண்ணம். அவற்றோடு வரவேண்டிய தாங்கிக் கப்பல் சமைக்கா அருகே தரைதட்டிச் செப்பனிடப் போய்விட்டது. வானக்குடை இன்றியே படைத்தலைவர் பிலிப்சு திசம்பர் 8 மாலை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார். குவாந்தானில் சப்பானியர் இறங்குகின்றனர் என்று பொய்யான செய்தி ஒன்று வந்தது. அதை நம்பி அங்கே திரும்பினார். தாம் போகுமிடம் பகைவர்க்குத் தெரியலாகாது என்று வானொலியையும் மூடிவைத்தார். அதனால் சிங்கப்பூரிலிருந்த ஆங்கில வானூர்திகளுக்கும் அது தெரியவில்லை.

திசம்பர் 10 காலை, சைகோன் அருகிலிருந்த தளங்களினின்று எழுந்த சப்பானிய வானூர்திகள் அக்கப்பல்களைக் கண்டுபிடித்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரண்டும் மூழ்கின. 840 பேர் மாண்டனர்; பிலிப்சும் மாண்டார். சப்பானியர் இழந்தவை மூன்று நான்கு ஊர்திகளே. துணைக்கு வந்த ஆங்கில ஊர்திகள் வந்தடைந்தபோது, மூழ்கும் கப்பலையும் நீரில் தத்தளிப்போரையுமே கண்டன. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் கப்பலை அடித்தல் வேறு. நடுக்கடலில் ஓடிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருக்கும் பெரும்போர்க்கப்பலை வானூர்திகள் மட்டுமே மூழ்கடித்தது அதுவே முதன்முறை. போர்க்காலம் முழுவதிலும் இதனினும் நேரான அதிர்ச்சி தமக்கு நேர்ந்ததில்லை என்று சர்ச்சிலே பின்னர் எழுதினார்.

கப்பலில்லாக் கோட்டை

இதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்கிறேன். குவாம் திசம்பர் 10இலும் ஆங்காங்கு திசம்பர் 25இலும் வீழ்ந்தன. வேக்குத் தீவு முதல் தாக்குதலை முறியடித்து நின்று, திசம்பர் 23இல் வீழ்ந்தது. 1942 பிப்பிரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் பணிந்தது. எத்தனையோ ஆண்டு உழைத்துப் பெரும்பொருள் கொட்டிக் கட்டிய கடற்படைத் தளம் அது. ஆனால், தளம் இருந்ததே ஒழியத் தங்கக் கப்பல் இல்லை. மேலே வானூர்தியும் போதவில்லை. வாளில்லாத உறையாக அது கிடந்தது. பிப்பிரவரி 19இல் ஆத்திரேலியாவின் டார்வின் துறைமுகம் எரிந்தது. பிப்பிரவரி 27இல் சாவகக் கடலில் ஒல்லாந்தப் படைத்தலைவர் தூர்மன் நான்கு நாட்டுக் கப்பல்களை நடத்திச் சென்று தம் கப்பலோடு மூழ்கினார். நான்கு நாட்டவர்க்கும் பொதுவான சைகை முறைகூட அக்கப்பல்களிடையே சரிவர இல்லை. மார்ச்சு 8இல் இரங்கூன் வீழ்ந்தது. மார்ச்சு 23இல் அந்தமான் சப்பானியர் கைக்குப் போயிற்று.

இவ்வெற்றிகளுக்கெல்லாம் ஒரே முறைதான். முதலில் வானத்தைக் கைப்பற்றுவது. பிறகு கடலைக் கைப்பற்றுவது. பிறகே நிலத்தில் இறங்குவது. இறங்கிய இடத்தில் வானூர்தித் தளம் அமைத்து, அங்கிருந்து அடுத்த இடத்திற்குக் குடைபிடிப்பது. ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறுவது போன்றது அது. அதைவிட்டுத் தாவியவிடத்து என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் கரைக்கு அருகில்

1942 ஏப்பிரலில் நகுமோ ஐந்து தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுள் நுழைந்தார். காகா மட்டும் செப்பனிடத் தாய்நாடு சென்றிருந்தது. ஏப்பிரல் 4ஆம் நாள், இலங்கைக்குத் தெற்கே பறந்த கனடிய வானோடி பிர்ச்சால் அக்கப்பல்களைக் கண்டார். தம் ஊர்தி சுட்டு வீழ்த்தப்படுவதற்குமுன் செய்தியை அனுப்பிவிட்டார். அவர் சிறைப்பட்டார், செய்தி சிறைப்படவில்லை. கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை இரவோடிரவாக வெளியேறின. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, குண்டு விழுந்தபோது முத்துத் துறைமுகம் போன்ற வேட்டை அங்கே கிட்டவில்லை. ஆயினும், நடுக்கடலில் ‘கார்ன்வால்’, ‘டோர்செட்சயர்’ என்னும் இரு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் அன்றே மூழ்கின. ஏப்பிரல் 9இல் திருக்கோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து விலகிச் சென்ற ‘எர்மிசு’ என்னும் தாங்கிக் கப்பல், தன்மீது ஒரு வானூர்தியும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக் கரைக்கப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இன்றும் அது அக்கடலடியில் கிடக்கிறது.

அதேவேளை, மற்றொரு சப்பானியக் கப்பற்பிரிவு வங்கக் கடலில் புகுந்து, சில நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட வாணிகக் கப்பல்களை அழித்தது. ஏப்பிரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நடுங்கியது. 1914இல் ‘எம்டன்’ கப்பல் சென்னையைச் சுட்டதைக் கண்ட முதியோர் அப்போதும் இருந்தனர். மக்கள் கூட்டங்கூட்டமாக உள்நாட்டுக்குப் பெயர்ந்தனர்; அரசு அலுவலகங்களும் உள்ளூர்களுக்குப் பெயர்ந்தன. நம்மைக் காப்பதாகச் சொல்லி ஆண்டவனே முதலில் மூட்டை கட்டினான்.

ஆங்கிலக் கடற்படைத் தலைவர் சோமர்வில் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தார். தம் கப்பல்கள் பழையன, வானூர்திகள் குறைவு என்பதை அறிந்து, பகலில் நேர்நின்று மோதாமல் மாலைத்தீவின் பக்கமும் பின்னர் ஆப்பிரிக்கக் கரைக்கும் விலகிப்போனார். பழித்தவர் பலர். ஆனால், கப்பல்கள் எஞ்சின. தன் வலியை அறிந்து ஒதுங்குபவன் கோழையல்லன்.

நகுமோ பக்கம் என்ன ஆதாயம்? சில கப்பல்களை மூழ்கடித்தார். ஆனால், இலங்கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கும் எண்ணமும் அப்போது இல்லை. அவாய் முதல் இலங்கை வரை ஓடிக் களைத்த கப்பல்களும் வானோடிகளும் ஓய்வின்றித் திரும்பினர். காலம் கரைந்தது. ஒவ்வொரு நாளும் யாருக்காக உழைக்கிறது என்பதைப் போரில் எண்ண வேண்டும். 1940 சூலையிலேயே அமெரிக்கா இரு பெருங்கடல்களுக்கும் போதுமான கடற்படை கட்டச் சட்டம் இயற்றிவிட்டது. அக்கப்பல்கள் துறைகளில் வளர்ந்துகொண்டிருந்தன. சப்பானின் நாள்காட்டியிலிருந்து ஒரு தாள் கிழிந்தால், அமெரிக்கக் கப்பற்றுறையில் ஓர் எஃகுத் தகடு ஏறியது.

பவளக் கடலும் மிட்வேயும்

ஏப்பிரல் 18இல் அமெரிக்கர் ஒரு துணிச்சல் செய்தனர். ‘ஆர்னெட்டு’ என்னும் தாங்கிக் கப்பலிலிருந்து பதினாறு குண்டுவீச்சு ஊர்திகள் எழுந்து தோக்கியோ முதலிய நகர்களில் குண்டு வீசின. அழிவு சிறிது, மானக்கேடு பெரிது. அமெரிக்கத் தாங்கிக் கப்பல்களை ஒழித்தே தீரவேண்டும் என்ற யமமோட்டோவின் திட்டத்திற்கு இருந்த எதிர்ப்பு அடங்கிவிட்டது.

மே முதல் கிழமையில் ஆத்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடலில் ஒரு போர் நடந்தது. இரு பக்கக் கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணாற் காணாமலே, வானூர்திகளை மட்டும் ஏவிப் போரிட்டன. வரலாற்றில் அதுவே முதன்முறை. அமெரிக்கர் ‘இலெக்சிங்டன்’ என்னும் பெருந்தாங்கியை இழந்தனர்; சப்பானியர் ‘சோகோ’ என்னும் சிறுதாங்கியை இழந்தனர். கணக்கில் சப்பானுக்கு வெற்றி. ஆனால், சோக்காக்கு அடிபட்டது. சூயிகாக்கின் வானோடிகள் பலர் மாண்டனர். இவ்விரண்டும் அடுத்த போருக்கு வரவில்லை. ஒன்றின் எஞ்சிய வானோடிகளை மற்றதன் தளத்தில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். சப்பானியர் அதை எண்ணவில்லை.

அமெரிக்கர் என்ன செய்தனர்? அடிபட்ட ‘யார்க்டவுன்’ மே 27இல் முத்துத் துறைமுகம் வந்தது. செப்பனிட மூன்று திங்கள் வேண்டும் என்றனர். மூன்று நாள் தருகிறேன் என்றார் நிமிட்சு. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர் இரவுபகல் உழைத்தனர். மே 30இல் அக்கப்பல் கடலேறியது. எந்தத் துறையில் செப்பனிட்டனர்? ஆறு திங்களுக்குமுன் சப்பானியர் அடிக்காமல் விட்டுவந்த அதே துறையில்!

மிட்வே என்பது அவாய்க்கு வடமேற்கே உள்ள சிறு தீவு. அதைத் தாக்கினால் அமெரிக்கத் தாங்கிகள் வெளிவரும், அவற்றை விழுங்கலாம் என்பது யமமோட்டோ விரித்த வலை. ஆனால், அமெரிக்கக் கமுக்கச்செய்திப் பிரிவினர், உரோச்போர்ட்டு என்பவரின்கீழ், சப்பானியக் குறிமொழியில் ஒரு பகுதியை உடைத்திருந்தனர். தாக்கப்போகும் இடத்தை ‘ஏ எப்’ என்று சப்பானியர் குறித்தனர். அது மிட்வேதானா? ஐயம் தீர ஒரு விரகு செய்தனர். மிட்வேயில் நன்னீர்க் கருவி பழுது என்று வெளிப்படையாக ஒரு பொய்ச்செய்தியை வானொலியில் அனுப்பச் செய்தனர். ஓரிரு நாளில், ‘ஏ எப்’பில் நன்னீர்த் தட்டுப்பாடு என்று சப்பானியர் தமக்குள் செய்தி அனுப்பிக்கொண்டனர். வலை விரித்தவன் இருக்குமிடம் வேட்டைப்பொருளுக்குத் தெரிந்துவிட்டது.

யமமோட்டோ தம் படையைப் பல கூறாக்கினார். ஒரு கூறு வடக்கே அலூசியத் தீவுகளுக்குப் போயிற்று. அவரோ உலகிலேயே மிகப்பெரிய போர்க்கப்பலான ‘யமாட்டோ’வில், நகுமோவுக்கு நூற்றுக்கணக்கான கல் பின்னே வந்தார். பெரும்போர்க்கப்பலின் காலம் முடிந்தது என்று உலகுக்குக் கற்பித்தவனே பெரும்போர்க்கப்பலில் அமர்ந்திருந்தான்! முன்னே சென்றவை நான்கு தாங்கிகள்: அகாகி, காகா, சோரியூ, இரியூ. எதிரே காத்திருந்தவை எண்டர்பிரைசு, ஆர்னெட்டு, யார்க்டவுன் என்னும் மூன்று தாங்கிகளும், மூழ்காத தாங்கியாகிய மிட்வேத் தீவும்.

சூன் 4 காலை. நகுமோவின் ஊர்திகள் மிட்வேயைத் தாக்கின. இன்னொருமுறை தாக்கவேண்டும் என்று செய்தி வந்தது. கப்பல்களை அடிக்க வைத்திருந்த நீரடிக்கணைகளைக் கழற்றி, தரைக்குண்டுகளை மாட்டச் சொன்னார் நகுமோ. பாதி மாட்டுகையில், காலம் தாழ்ந்து புறப்பட்ட வேவூர்தி ஒன்று, அமெரிக்கக் கப்பல்கள் தெரிகின்றன என்றது. மீண்டும் கணைகளை மாட்டுங்கள் என்று ஆணை பிறந்தது. அதற்குள் மிட்வே சென்ற ஊர்திகள் எரிநெய் தீர்ந்து திரும்பின. அவற்றை இறக்க வேண்டியிருந்தது. அந்நேரத்தில் அமெரிக்கரின் நீரடிக்கணை ஊர்திகள் தாழப் பறந்து வந்தன. போதிய காப்பூர்தி இன்றி வந்த அவற்றைச் சீரோக்கள் வேட்டையாடின. நாற்பத்தொன்றில் திரும்பியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒரு கணையும் பட்டு வெடிக்கவில்லை. ஆயினும், அம்மறவர்களின் சாவு சீரோக்களைக் கீழே இழுத்துவைத்தது. கப்பல்களுக்கு ஓய்வு தரவில்லை.

காலை பத்தேகால் மணிக்குமேல், உயரத்திலிருந்து அமெரிக்கரின் பாய்ந்து குண்டெறியும் ஊர்திகள் வந்தன. மேலே காவல் இல்லை. சில மணித்துளிகளில் அகாகி, காகா, சோரியூ மூன்றும் எரிந்தன. அப்போது சப்பானிய ஊர்திகள் மேல்தளத்தில் எழத் தயாராக நின்றன என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்னர் இருதரப்புப் பதிவுகளையும் ஆய்ந்தோர், அவற்றில் பெரும்பாலானவை உள்ளறைகளிலேயே இருந்தன என்று காட்டியுள்ளனர். எரிநெயும் குண்டும் நிறைந்த அந்த உள்ளறைகளே கப்பல்களின் சிதையாயின. எஞ்சிய இரியூ யார்க்டவுனை அடித்தது. மாலையில் இரியூவும் அடிபட்டது. முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய ஆறில் நான்கு, ஒரே பகலில் அழிந்தன. மாண்ட சப்பானியர் மூவாயிரத்துக்கும் மேல்.

இந்தத் தோல்வியைச் சப்பானிய அரசு தன் மக்களிடம் சொல்லவில்லை. வெற்றி என்றே பறைசாற்றியது. புண்பட்டுத் திரும்பிய கடற்படையினரை மருத்துவமனையில் தனியே பிரித்து வைத்து, வாய்திறவாமல் பார்த்துக்கொண்டது. போருக்குமுன் நடந்த ஒத்திகையில் சப்பானியத் தாங்கிகள் மூழ்குவதாக ஆட்டக்கணக்கு வந்தபோது, நடுவராயிருந்த தலைவர் அக்கணக்கைத் திருத்திவிட்டார் என்று வானோடித் தலைவர் புச்சிடா பின்னர் எழுதினார். அவர் கூற்றுகள் சிலவற்றை ஆய்வாளர் ஐயுறுவர். ஆனால், சப்பானியரே தம் அந்நாளைய மனநிலைக்கு ‘வெற்றிநோய்’ என்று பெயரிட்டுக்கொண்டனர். அது மெய்.

மூன்று அறிதல்கள்

மாணவத் தோழரே, இப்போது உம் வினாவுக்கு வருகிறேன். அந்த அறிவு எங்கும் போய்விடவில்லை. ஆறு திங்கள் வென்ற முறையிலேயே தோல்வியின் விதை இருந்தது. வலியறிதலில், சப்பான் பகைவனின் கப்பலை எண்ணியது. கன்னெயையும் கப்பற்றுறையையும் தொழிற்சாலையையும் எண்ணவில்லை. அடிபடாமல் விட்ட நீர்மூழ்கித் தளத்திலிருந்து புறப்பட்டவையும் பிறவுமாகிய அமெரிக்க நீர்மூழ்கிகளே, பின்னாளில் சப்பானின் வாணிகக் கப்பல் இழப்பில் பாதிக்குமேல் விளைத்தன. காலமறிதலில், விரைந்து முடிக்கவேண்டிய போரில் இலங்கைக்கும் அலூசியத்துக்கும் அலைந்தது. இடனறிதலில், தன் வானக்குடைக்குள் படிப்படியாய் ஏறும்வரை வென்றது. குடையைவிட்டு மிட்வேக்குத் தாவியபோது நனைந்தது. ஆறு தாங்கிகளும் சேர்ந்திருந்தபோது யாராலும் வெல்ல முடியவில்லை, பிரிந்தபோது வீழ்ந்தன.

படைகள் மிதித்த மண்

தோழர்களே, போர்நூல்கள் இத்துடன் முடிந்துவிடும். நமக்கு இன்னும் ஒரு பக்கம் உண்டு.

1941 திசம்பர் 11இல் பினாங்கின்மேல் வானூர்திகள் வந்தபோது, மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தனர். ஆங்கிலேயரின் ஊர்திகள் என்று எண்ணினர். குண்டுகள் விழுந்தன. சில நாளில் ஆங்கிலேய அதிகாரிகள் வெள்ளையரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிச் சென்றனர். மலாயரும் சீனரும் தமிழரும் கரையில் விடப்பட்டனர். இரப்பர்த் தோட்டங்களுக்கு அவர்களை அழைத்துப்போகக் கப்பல் இருந்தது. காப்பாற்றிக் கொண்டுவரக் கப்பல் இல்லை.

பின்னர், பர்மாவிலிருந்த சப்பானியப் படைக்கு உணவும் கருவியும் அனுப்பவேண்டியிருந்தது. மலாக்கா நீரிணை வழியாகச் செல்லும் கடல்வழி பகைவர் நீர்மூழ்கிகளுக்கு இலக்காயிற்று, கப்பலும் போதவில்லை. எனவே, 1942இன் நடுவில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர்த் தொடர்வண்டிப் பாதையைக் காட்டினூடே போடத் தொடங்கினர். 1943 அக்டோபரில் இருமுனையும் இணைந்தன. கடலில் இழந்த வலிமைக்கு நிலத்தில் விலை கொடுத்தவர் யார்? அறுபதாயிரம் போர்ச் சிறையாளிகளும், அவர்களைப்போல் பன்மடங்கு ஆசியக் கூலித் தொழிலாளரும். மலேயத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவருள் பல்லாயிரவர். மாண்ட ஆசியத் தொழிலாளர் எண்பதாயிரம் முதல் ஓரிலக்கம் வரை என்று கணிப்பர். வெள்ளைச் சிறையாளிகளின் கல்லறைகளில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாய் நிற்கின்றன. நம்மவர்க்குப் பெயர்ப்பட்டியல்கூட முழுதாய் இல்லை. அதனால்தான் கணிப்பில் இருபதாயிரம் கூடியும் குறைந்தும் வருகிறது.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். அவர் கணவர் மலேயாவுக்குப் போனவர். 1941ஆம் ஆண்டுக் கடைசியில் கடிதம் நின்றது. இறந்தார் என்றும் செய்தியில்லை. இருக்கிறார் என்றும் செய்தியில்லை. அந்தப் பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. யமமோட்டோ யார், நிமிட்சு யார் என்று அவர்க்குத் தெரியாது. ஆனால், அவர்கள் ஆடிய ஆட்டத்தின் கணக்கு அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, இளைஞர்களே, போர் வரலாற்றைப் படியுங்கள். எத்தனை கப்பல் மூழ்கியது என்று மட்டும் படியாதீர்கள். ஏன் மூழ்கியது என்று படியுங்கள். அதற்குமேல், அக்கப்பல்கள் யார் கரையோரமாகச் சென்றன, அக்கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்டுப் படியுங்கள். உங்கள் ஊரிலும் மலேயாவுக்குப் போய்த் திரும்பாதவர் வீடு ஒன்று இருக்கும். அங்கே சென்று, அவர் பெயரையும் ஊரையும் போன ஆண்டையும் கேட்டு எழுதி வையுங்கள். கல்லில் பொறிக்க நம்மால் இயலாவிட்டாலும், தாளிலாவது அப்பெயர்கள் இருக்கட்டும். அடுத்த கூட்டத்திற்கு ஆளுக்கொரு பெயரோடு வாருங்கள்.